புதுப்பிப்பு: ஓவன் காய்கறியில் கோதுமை எப்படி வந்தது?

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். மகளுக்கு சீலியாக் நோய், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் துளியும் ஆகாது. அவளுக்காக ஓவனில் வறுத்த காய்கறிக் கலவை சொதசொதவென்று வந்தது, சாப்பிட்டபின் வயிறும் வலித்தது. வெறும் காய்கறியில் கோதுமை ஏது என்று கேட்டிருந்தேன்.

பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். பார்த்தேன். பொடி எழுத்தில் கோதுமை மாவு! கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மாவும் கோந்தும் சேர்ப்பார்களாம். சிலர் அரிசி மாவு, பலர் கோதுமையோ மைதாவோ. இத்தனை வருடச் சமையலில் ஒரு நாளும் நான் அதைப் படித்ததில்லை.

சரி, சொதசொதப்புக்கு வருவோம். தட்டில் காய்களைக் குவித்ததுதான் தப்பு, தம் ஆவியிலேயே வெந்துவிட்டன. இப்போது 200 டிகிரியில் இரண்டு தட்டு, காய்களுக்கு நடுவே விரல் இடைவெளி. சேனையைப் புளித்தண்ணீரில் அரைவேக்காடு வைத்து, ஈரம் போகத் துணியில் ஒற்றி, நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், ஒரு ஸ்பூன் அரிசி மாவு போட்டுப் புரட்டுகிறேன். கேரட்டும் சேனையும் முதலில், 15 நிமிடம் கழித்து காலிஃபிளவர், குடைமிளகாய். நேற்று சேனையின் ஓரம் முறுகி, கரண்டி பட்டதும் டக்கென்று சத்தம் வந்தது. மகளுக்கு வலியும் இல்லை.

"கட்டிப் பெருங்காயம் சுத்தம்தானே?" என்றார் மாமியார். அதன் உறையையும் படித்தோம். மைதா.