சின்னமனூர் குடும்பம்: செப்டம்பர் 19 ராத்திரி

[இரவு 11.47]

கார்த்தி: (ஃபார்வர்ட் வீடியோ) மெக்சிகோ சிட்டில பூகம்பமாம். பில்டிங் சரியுது. மீனாக்கா இருக்கீங்களா

மதுரை சித்தி: ஐயோ முருகா

மதுரை சித்தி: மீனா

அம்மா: ரிங் போகுது எடுக்கல

அம்மா: அருணும் எடுக்கல

கம்பம் அத்தை: ஏழாம் மாசம் அவளுக்கு

குமார் மாமா: பதறாதக்கா. எந்த நியூஸ்லயும் ஓடல

அம்மா: நீ சும்மா இரு குமாரு

[இரவு 12.04]

மீனா: அம்மா நல்லா இருக்கேன். அருணும் நல்லா இருக்கார். பூகம்பம் இல்ல, ஒத்திகை. போனை மேல வச்சிட்டு இறங்கிட்டேன்

அம்மா: வாய்ஸ் போடு

மீனா: (குரல் பதிவு 0:09)

அம்மா: சரி

பெரியப்பா: கார்த்தி, அந்த வீடியோ 2017ல எடுத்தது. அழி.

மதுரை சித்தி: டேய் எத்தனை தடவை சொல்றது பாக்காம அனுப்பாதன்னு

கார்த்தி: சாரி பெரியம்மா. அக்கா பேர் ஞாபகம் வந்ததும் அனுப்பிட்டேன்

மீனா: விடுங்க சித்தி. இங்க வருஷா வருஷம் செப்டம்பர் 19 அன்னிக்கு சைரன் அடிச்சு நாட்டையே கீழ இறக்குவாங்க. 1985ல இதே நாள் காலைல 7.19க்கு வந்த பூகம்பத்துல ஆயிரக்கணக்குல செத்துப்போனாங்க. அதை நினைச்சுத்தான் ஒத்திகை. 2017ல ஒத்திகை முடிஞ்சு ரெண்டு மணி நேரத்துல நிஜமாவே வந்துருச்சு. 2022லயும் அதே தேதி

அம்மா: மூணு தடவையும் ஒரே தேதியா

மதுரை சித்தி: நம்ம ஜோசியர்கிட்ட கேக்கவா அக்கா

பெரியப்பா: தேதியில ஒண்ணுமில்ல. மீனா, நீ இருக்கற இடம் என்ன மண்ணு? களியா பாறையா?

மீனா: பெரியப்பா நீங்கதான் சரியா கேட்டீங்க. இந்த ஊரே ஒரு ஏரி. தெஸ்கோக்கோ ஏரி. மெஷீக்கா ஜனங்க 1325 வாக்குல நடுத்தீவுல தெனோச்தித்லான்னு நகரம் கட்டினாங்க. கரையிலிருந்து உள்ள வர மண் சாலை, குடிதண்ணிக்குத் தனிக் கால்வாய், உப்புத்தண்ணி நல்லதண்ணியோட கலக்காம இருக்க நெட்டுக்கு ஒரு அணை. வண்டலை அள்ளிப் பாத்தி கட்டி தண்ணிக்குள்ளயே விவசாயம். ஷோச்சிமில்கோங்கற இடத்துல இன்னிக்கும் அந்தப் பாத்தியில கீரை விளையுது, நான் வாங்கிச் சமைச்சிருக்கேன். 1521ல ஸ்பெயின்காரங்க நகரத்தை இடிச்சு, கோயில் கல்லை எடுத்தே சர்ச் கட்டினாங்க. ஏரியோட வாழத் தெரியல அவங்களுக்கு. 1629ல வந்த வெள்ளம் அஞ்சு வருஷம் வடியல. அப்புறம் வெட்டி வெட்டி ஏரியையே காலி பண்ணாங்க. அடியில சேறு அப்படியே கிடக்கு. 1985ல பூகம்பம் கிளம்பினது நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி கடலோரத்துல. ஆனா இந்தச் சேத்துல வந்து பல மடங்கு ஆட்டிருச்சு

குமார் மாமா: 👍

கம்பம் அத்தை: நம்ம குமாரு வேளச்சேரில பிளாட் வாங்கின கதை

குமார் மாமா: அந்த லேஅவுட்ல எல்லாருந்தானே வாங்கினாங்க

பெரியப்பா: அன்னைக்கே சொன்னேன்.

அம்மா: என் செயின் இன்னும் அந்த ஏரிலதான் கிடக்கு

குமார் மாமா: தைக்குள்ள மீட்டுத் தந்துர்றேன்க்கா. இப்ப அந்தப் பேச்சு எதுக்கு

கார்த்தி: அக்கா வீடியோல எல்லாரும் கையைத் தூக்கிட்டு நிக்கறாங்களே, ஏன்

மீனா: இடிபாட்டுக்குள்ள யாராவது கூப்பிடற சத்தம் வருதான்னு கேக்க. ஒருத்தர் முஷ்டியை உயர்த்தினா பின்னாடி நிக்கறவங்களும் உயர்த்துவாங்க. அந்தத் தெருவே வாயை மூடிக்கும். 1985ல அரசாங்கம் திணறி நின்னப்ப ஜனங்களே இறங்கித் தோண்டினாங்க. இடிஞ்ச ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தைங்களைப் பல நாள் கழிச்சுக்கூட உயிரோட எடுத்தாங்க

மதுரை சித்தி: 🙏🙏

அம்மா: ஆஸ்பத்திரி பேச்சு வேண்டாம் மீனா

மீனா: சரிம்மா. நம்ம வீடு தெக்கால, பழைய எரிமலைக் குழம்பு இறுகின பாறை மேல. பக்கத்துல குயிகுயில்கோன்னு வட்டமா ஒரு பிரமிடு. தெனோச்தித்லானுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல முந்தியது. அதைச் சுத்தி குழம்பு ஓடி மூடினதுதான் இந்தப் பாறை. சேத்து நிலத்தை விட ஆட்டம் ரொம்பக் கம்மி

பெரியப்பா: பாறைன்னா நல்லது. செல்வி, நீ தூங்கு.

அம்மா: எங்க தூங்கறது. அக்டோபர் டிக்கெட்டை என்ன பண்றது. அவளை இங்க கூப்பிட்டுக்கலாமான்னு இருக்கு

குமார் மாமா: இந்த மாசத்துல ஃப்ளைட்ல ஏத்த டாக்டர் கடுதாசி கேப்பான்

மீனா: நீ வாம்மா. கீழ் வீட்டுப் பாட்டி தினம் உன்னைத்தான் கேக்கறாங்க. இங்கயும் பிள்ளை பெத்தவளுக்கு நாப்பது நாள் ஓய்வு, குவாரெந்தேனான்னு பேரு. சோளக்கூழ் காய்ச்சித் தருவாங்க, பால் ஊறும்னு. அவங்க ஊர்ல தெமஸ்கால்னு சின்னக் கல் குடிசை, சுட்ட கல்லு மேல தண்ணி ஊத்தி மூலிகை ஆவியில உடம்பைப் பிடிச்சு விடுவாங்களாம். ஸ்பெயின்காரங்க வர்றதுக்கு முன்னாடியிருந்தே இருக்கு

கம்பம் அத்தை: நம்ம வேது பிடிக்கிற மாதிரியா

மீனா: அதே மாதிரிதான் அத்தை. ஆனா குளியல் அறை அளவுக்கு

அம்மா: பச்சை உடம்புக்கு அவ்வளவு சூடு ஆகுமா. டாக்டரைக் கேக்காம போகாத

அம்மா: அந்தப் பாட்டிக்கு எத்தனை பிள்ளை

மீனா: ஆறு

மதுரை சித்தி: அக்கா பிரசவ லேகியம் நான் கிண்டித் தர்றேன். மிளகா வத்தலும் நம்ம ஊர்ல வாங்கிரலாம்

மீனா: சித்தி மிளகா பிறந்த வீடே இதுதான். சில்லிங்கற பேரே இவங்க நாவாட்டில் மொழி. தக்காளியும் இங்கிருந்து வந்ததுதான்

பெரியப்பா: உண்மை. போர்த்துகீசியர் கொண்டு வர்ற வரைக்கும் நமக்கு மிளகுதான் காரம். மிளகாயில மிளகு இருக்கு பாரு.

கம்பம் அத்தை: அப்ப நம்ம பாட்டிக்குப் பாட்டியெல்லாம் ரசத்துல என்ன போட்டாங்க

மதுரை சித்தி: லேகியத்துக்கு திப்பிலி யார்கிட்ட இருக்கு

கம்பம் அத்தை: என்கிட்ட போன வருஷத்துது

அம்மா: டிக்கெட் இருக்கட்டும். அவங்கப்பா வந்ததும் பேசிக்கறேன்

பெரியப்பா: மீனா, அந்தச் சர்ச்சு சாஞ்சிருக்குன்னு பாடம் எடுக்கறப்ப சொல்வேன். பாத்தியா?

மீனா: பாத்தேன் பெரியப்பா, தரையே சாய்வா இருக்கு. நிலத்தடித் தண்ணியை உறிய உறிய ஊர் இறங்குது. சில இடத்துல வருஷத்துக்கு 50 சென்டிமீட்டர். 1910ல சுதந்திர தேவதைன்னு ஒரு தூண் நட்டாங்க. சுத்தி நிலம் தாழத் தாழ அதுக்கு 14 படி புதுசா கட்ட வேண்டி வந்துச்சு. 1978ல அந்தச் சர்ச்சுக்குப் பக்கத்துல மின்சார வேலைக்குத் தோண்டினவங்க நிலா தேவதையோட வட்டக்கல்லைக் கண்டாங்க, மூணு மீட்டருக்கு மேல அகலம். அப்புறம்தான் மெஷீக்கா ஜனங்களோட பெரிய கோயிலை முழுசா தோண்ட ஆரம்பிச்சாங்க. அடுத்த தடவை போட்டோ எடுத்து அனுப்பறேன். அந்தத் தூண் அருண் ஆபீஸ் பக்கந்தான்

பெரியப்பா: கல்லோட போட்டோ முதல்ல.

மீனா: சரி பெரியப்பா. சமையல் பாதியில நிக்குது, போய்ட்டு வரேன்

[இரவு 12.58]

அம்மா: மீனா

அம்மா: அப்ப அருண் ஆபீஸ் ஏரிலயா

அம்மா: எத்தனாவது மாடி