பண்ணையடிமையா, கட்டுக்குடியா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். ‘செர்ஃப்’ (serf), அதாவது பண்ணை உடையவரின் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த இடைக்கால உழவர், என்பதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்ற நம் மடற்குழு உரையாடலுக்காக இதை எழுதுகிறேன்.

இடைக்கால இங்கிலாந்தைப் பற்றிப் பொதுவாசகருக்காக இணையத்தில் எழுதும்போது, ‘செர்ஃப்’ என்பதற்குப் ‘பண்ணையடிமை’ என்றே நானும் எழுதிவந்தேன். குடும்பத் தலைவர் இறந்தால் வீட்டிலுள்ள கால்நடைகளில் சிறந்த ஒன்றைப் பண்ணை உடையவர் ஓட்டிச் சென்றுவிடுவார் என்று எழுதியதைப் படித்த பள்ளி மாணவி ஒருவர், அடிமையின் வீட்டுக்கு மாடு எப்படி வந்தது என்று கேட்டார். விடை எழுத உட்கார்ந்தபோதுதான் பிழை சொல்லிலேயே இருப்பது புரிந்தது.

செர்ஃபுக்கு உழுதுண்ண நிலம் இருந்தது. அது வழிவழியாக மகனுக்கும் போயிற்று. அதற்கு ஈடாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் உடையவரின் நிலத்தில் கூலியின்றி உழைக்கவேண்டும், மகளின் திருமணத்துக்குப் பணம் கட்டவேண்டும், ஒப்புதலின்றி ஊரைவிட்டுப் போகக்கூடாது. கொடுமைதான், ஆனாலும் அடிமை என்ற சொல்லுக்குள் இந்த வாழ்க்கை அடங்காது.

அடிமையைக் குறிக்கும் ‘செர்வுஸ்’ என்ற இலத்தீன் சொல்லே வேர் என்பதால் அடிமை என்பது பொருந்தும் என்று இந்த உரையாடலின் முந்தைய மடலில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். வேர் அதுதான். ஆனால் இங்கிலாந்தின் நிலங்களையும் குடிகளையும் பதிவுசெய்த 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கெடுப்பு ‘செர்வுஸ்’ என்பவரையும் ‘வில்லானுஸ்’ என்னும் குடியானவரையும் தனித்தனியாகவே எண்ணுகிறது. பிற்காலத்தில் இங்கிலாந்தில் செர்ஃப் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த இரண்டாமவரின் வழிவந்தோரை. இருவரையும் அடிமை என்றால் அந்த ஆவணத்தை எப்படித் தமிழில் விளக்குவது? 1381இல் நடந்த உழவர் கிளர்ச்சியில், இலண்டனை அடுத்த மைல் எண்டில் அரசரைச் சந்தித்தவர்கள், இந்தக் கட்டு ஒழியவேண்டும் என்பதோடு ஏக்கருக்கு நான்கு பென்னி குத்தகை போதும் என்றும் கேட்டார்கள். குத்தகை பேசுபவர் குடியானவர் அல்லவா?

ஆகவே ‘கட்டுக்குடி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். குடிவாரம் என்பதில் உழுபவரின் பங்கைக் குறிக்கும் அதே குடிதான் இது; கட்டு, மண்ணோடு பிணைத்திருப்பதைச் சொல்கிறது. ‘நிலப்பிணைக் குடி’ என்றும் எண்ணிப்பார்த்தேன். ஆனால் அது அடமானத்தை நினைவூட்டுகிறது. தவிர, பண்ணையடிமை என்றதும் நம் வாசகர் மனத்தில் தஞ்சைப் பண்ணையாளும் அவர்மேல் சுமத்தப்பட்ட சாதியும்தான் எழும். அந்த வரலாற்றுக்கு உரிய சொல்லை அதற்கே விட்டுவைப்பது நல்லது.

முறையைக் குறிக்கக் ‘கட்டுக்குடிமை’ வேண்டாம், ‘கட்டுக்குடி முறை’ போதும் என்பது என் கருத்து. குடிமை என்றால் உரிமை நினைவுக்கு வரும்; இவர்கள் 1381இல் கேட்டு, அரசர் எழுதிக்கொடுத்து, சில வாரங்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது அதைத்தான்.

அன்புடன்.