டிகாஷன் இறங்கவே மாட்டேங்குது: தூள் நைஸா, பில்டர் கோளாறா?

மேல்டப்பா:
வணக்கம். மூன்று பேருக்கான பித்தளை பில்டர். காபி 80, சிக்கரி 20 கலந்த தூள், கடையிலேயே அரைத்தது. மூன்று ஸ்பூன் குவித்துப் போட்டு, குடையால் (காம்பு வைத்த துளைத் தட்டு) நன்றாக அழுத்தி, கொதிநீர் ஊற்றுகிறேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தாலும் பாதித் தண்ணீர் மேலேயே நிற்கிறது. இதே தூளை பிரெஞ்ச் பிரஸ்ஸில் (வெந்நீரில் தூளை ஊறவைத்து, கம்பியில் கோத்த வலையை அழுத்தி இறக்கி வடிக்கும் ஜாடி) போட்டால் அடியில் சேறு, வாயெல்லாம் கசப்பு. கடையில் என்ன அரைப்பு கேட்க வேண்டும்? இரண்டுக்கும் ஒரே தூள் ஒத்துவருமா?

பீபெர்ரி பிரியன்:
ஒத்துவராது. பிரஸ்ஸை அப்புறம் பார்க்கலாம், முதலில் பில்டர்.

தண்ணீர் நிற்கும்போது மேல் டப்பாவை ஒரு நூல் அளவு தூக்கிப் பாருங்கள். உடனே சொட்ட ஆரம்பித்தால் தூள் மேல் தப்பில்லை. கீழ் டப்பாவில் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. இறுக்கமாகப் பொருந்தும் பில்டரில், இணைப்பில் ஈரம் பட்டாலே இப்படி ஆகும். லேசாகத் திருகி, தளர்வாக வைத்தால் போதும்.

அப்படியும் இறங்கவில்லையென்றால், பில்டரைக் கழுவி, தூளே போடாமல் வெந்நீர் மட்டும் ஊற்றுங்கள். கடகடவென்று போக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் துளைகளில் காபி எண்ணெய் காய்ந்து அடைத்திருக்கிறது. இரண்டிலும் பாஸ் என்றால் மட்டும் தூளைப் பற்றிப் பேசலாம்.

மயிலை மாமி:
அடைப்புக்கு பில்டரை அடுப்பில் காட்டச் சொல்வார்கள். எவர்சில்வருக்குச் சரி. பித்தளையில் உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசியிருந்தால் காட்டாதீர்கள், 232 டிகிரியிலேயே பூச்சு உருகிவிடும். ஆப்பசோடா ஒரு ஸ்பூன் போட்ட கொதிநீரில் அரை மணி ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் அடிப்பக்கம் தேயுங்கள். ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிட்டால் டிகாஷனோடு தூளும் இறங்கும்.

அந்த அழுத்துகிற பழக்கத்தையும் விடுங்கள். சிக்கரி ஈரம் பட்டதும் உப்பும். அழுத்தி வைத்த தூளில் உப்ப இடம் இல்லாததால் தண்ணீர் போகும் சந்தெல்லாம் மூடிக்கொள்கிறது. டப்பாவைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டித் தூளை மட்டமாக்கி, குடையை அதன் கனத்திலேயே உட்கார வையுங்கள்.

பீபெர்ரி பிரியன்:
மாமி சொன்னதுதான். ஆனால் சிக்கரியே இல்லாத தூளுக்குக் கொஞ்சம் அழுத்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஓடிவிடும்.

அளவு: 25 கிராம் தூளுக்கு 150 மில்லி தண்ணீர். தூள் ஏறக்குறைய 50 மில்லியைக் குடித்துவிடும், மீதி 100 மில்லி டிகாஷன் மூன்று டம்ளருக்கு வரும். கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிடம் விட்டு, முதலில் தூள் நனையும் அளவு ஊற்றுங்கள். புதிதாக வறுத்த தூளென்றால் நுரைத்துப் பொங்கும். அது அடங்கியதும் மீதியை ஊற்றி மூடுங்கள்.

அரைப்புக்குக் கடிகாரத்தை நம்புங்கள். ஒரு கடையின் 'மீடியம்' இன்னொரு கடையில் 'நைஸ்'. ஐந்து நிமிடத்தில் இறங்கி முடிந்தால் கரகரப்பு அதிகம், டிகாஷன் தண்ணியாக இருக்கும். 15 முதல் 25 நிமிடம் சரி. முக்கால் மணியைத் தாண்டினால் அடுத்த முறை ஒரு படி கரகரப்பாகக் கேளுங்கள். விரல்களுக்கிடையில் தேய்த்தால் மாவாக ஒட்டாமல் நெருநெருக்க வேண்டும்.

கரகரப்பு:
பிரஸ்ஸுக்கு உப்புமா ரவை பதம், சிக்கரி வேண்டவே வேண்டாம். அதன் கம்பி வலை நைஸ் தூளைத் தடுக்காது, அதனால்தான் சேறு. தண்ணீர் முழுவதிலும் தூள் நாலு நிமிடம் ஊறுவதால் நைஸ் தூள் சீக்கிரம் கசப்பையும் இறக்கிவிடும். 15 கிராமுக்கு 240 மில்லி, நாலு நிமிடம், மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு மெதுவாக இறக்குங்கள். கம்பி இறங்க மறுத்தால் பலவந்தம் வேண்டாம், சுடுநீர் பக்கவாட்டில் பீறிடும். பாலோடு குடிப்பதானால் 30 கிராம் போட வேண்டிவரும், எனக்கு அது வீண் செலவாகத்தான் படுகிறது.

மிக்ஸியில் அரைப்பதானால் சின்ன ஜாரில் விட்டுவிட்டு இரண்டிரண்டு வினாடி. தொடர்ந்து ஓட்டினால் தூள் சூடாகும், பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் நிற்கும். மைதா சல்லடையில் சலித்து மாவை நீக்கிவிட்டால் பிரஸ்ஸுக்குத் தேறும்.

மேல்டப்பா:
தூக்கிப் பார்த்தேன், இறங்கவில்லை. வெறும் வெந்நீர் கடகடவென்று போகிறது. அழுத்தாமல் போட்டும் 50 நிமிடம். அப்போது தூள்தான். மீதி இருக்கும் அரைக் கிலோவை என்ன செய்வது?

மயிலை மாமி:
சிக்கரி கலக்காத, கரகரப்பாக அரைத்த தூள் அரைக் கிலோ வாங்கிச் சரிபாதி கலந்துவிடுங்கள். சிக்கரி 10 சதவீதமாகக் குறையும், வேகமும் கூடும். அதுவரை துணி வடிகட்டி இருக்கிறதே. அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீரில் தூளைப் போட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் மூடிவைத்து வடியுங்கள். துணியைப் பிழியாதீர்கள், வண்டல் இறங்கும். சோப்பும் போடாதீர்கள், வாசனை போகவே போகாது.