மறு: சேப்ரி ஸ்ரொப்புக்கு ‘காப்புத் தரிப்பு’ எனலாமா?

வணக்கம்.

சுழியோடிகள் கடலுக்குள்ளிருந்து ஏறும்போது இடையில் சற்று நிற்பதை ஆங்கிலத்தில் சேப்ரி ஸ்ரொப் (safety stop) என்பார்கள். அதற்கு அண்ணர் போன மடலில் தந்த ‘பாதுகாப்பு நிறுத்தம்’ என்ற சொல்லை யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பக்கம் சொல்லிப் பார்த்தேன். கடலட்டை பிடிக்கச் சுழியோடும் தம்பி ஒருவர், “அப்ப அண்டைக்குத் தொழில் இல்லையோ?” என்று கேட்டார். வேலைநிறுத்தம், போர்நிறுத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு நிறுத்தம் என்றால் காரியம் முடிந்துவிட்டது. நாம் சொல்ல வருவதோ, ஏறும் வழியில் 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, அப்புறம் மேலே வருவதை.

நின்று ஏறுவது புதிதல்ல. எங்கே எவ்வளவு நேரம் நின்று ஏறவேண்டும் என்று உடலியல் அறிஞர் ஹால்டேன் 1908இல் வெளியிட்ட அட்டவணையிலேயே உண்டு. ஆனால் அது ஆழத்தில் நெடுநேரம் இருந்தவருக்குக் கட்டாயம். சேப்ரி ஸ்ரொப் அப்படிக் கட்டாயமில்லாத முழுக்கிலும் கூடுதல் காவலாகப் பின்னாளில் பயிற்சிக்குள் வந்தது. ஏறும் வேகமும் தணிந்தது: 1950களின் அமெரிக்கக் கடற்படை அட்டவணை நிமிடத்துக்கு 18 மீட்டர் என்றது, 1993இல் அதை 9 ஆக்கினார்கள்.

கடைசி 10 மீட்டர்தான் பொல்லாதது. அதற்குள் அமுக்கம் இரண்டு வளிமண்டலத்திலிருந்து ஒன்றாகிவிடும். உடம்பில் கரைந்த நைதரசன் குமிழாகாமல் மூச்சோடு போக அவகாசம் வேண்டும். அந்தத் தம்பி நங்கூரக் கயிற்றில், நீர்மட்டத்திலிருந்து மூன்று பாகத்துக்கு (ஒரு பாகம் ஆறடி) சற்றுக் குறைவான ஆழத்தில், சிவப்புத் துணி முடிந்து வைத்திருக்கிறார். துணி கைக்கு வந்ததும் கயிற்றைப் பிடித்தபடி நிற்பாராம். “அதிலை கொஞ்சம் தரிச்சு நிண்டுதான் வாறனான்” என்றார்.

சொல் அவர் வாயிலேயே இருக்கிறது. பஸ் தரிப்பிடத்தில் பஸ் தரித்துப் போகிறது, பயணம் முடிவதில்லை. ஆகவே கட்டாயமானது ‘கட்டாயத் தரிப்பு’, சேப்ரி ஸ்ரொப் ‘காப்புத் தரிப்பு’. ‘5 மீட்டரில் தரித்து நில்லுங்கள்’ என்று வினையாகவும் வரும். கருத்தரிப்பு நினைவுக்கு வரும் என்பீர்கள். கடலில் வைத்துச் சொல்லும்போது அந்த மயக்கம் வராது. தமிழ்நாட்டு நண்பர்களுக்குத் தரிப்பிடம் பழக்கமில்லை என்பதுதான் எனக்குள்ள ஒரே தயக்கம். அவர்கள் பக்கத்துச் சங்கு குளிப்பவர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டு எழுதுங்கள்.