ஃபேன் சர்வீஸ்: ‘ரசிகர் தீனி’ என்று வைக்கலாமா?

வணக்கம் ஐயா, அக்கா, மற்ற நண்பர்களுக்கும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கதைக்குத் தேவையில்லாவிட்டாலும் ரசிகரை மகிழ்விக்கவென்றே சேர்க்கும் காட்சி, உடை போன்றவற்றை ‘ஃபேன் சர்வீஸ்’ என்கிறார்கள். போன வாரம் நம் குழுவில் அதற்குத் தமிழில் மூன்று சொற்கள் வந்திருந்தன: ரசிகர் சேவை, கவர்ச்சி, ஆபாசத் திணிப்பு. மூன்றையும் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டி வைத்தேன். என்னுடையது கணினி பழுதுபார்க்கும் கடை. செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை முடித்த இளைஞர்கள் நான்கைந்து பேர் மாலையில் அங்கே உட்கார்ந்து, ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் ஆடும் வேடமேற்பு (ஆர்பிஜி) கணினி விளையாட்டுகளுக்குத் தமிழில் வழிகாட்டி எழுதுகிறார்கள். இந்தச் சொற்கள் முதலில் அவர்களுக்குத்தான் வேண்டும்.

‘ரசிகர் சேவை’யைப் பார்த்ததும் ஒருவர், “ரத்த தானம் மாதிரி இருக்குண்ணே” என்றார். சரிதான். நம் ஊரில் சேவை என்றால் கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடுவது. ‘கவர்ச்சி’ ஒரு பண்பு. நமக்கு வேண்டியதோ விளையாட்டை ஆக்கியவர் செய்கிற ஒரு செயலுக்குப் பெயர். ‘ஆபாசத் திணிப்பு’ தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. அதைவிட, இந்த விளையாட்டுகளில் வரும் காதலையும் அது கூடவே வாரிக்கொண்டு போய்விடும். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

அந்தக் காதல் பெரும்பாலும் ஒரு கணக்காக நடக்கிறது. ஸ்டார்டியூ வேலியில் (2016) பிடித்தவருக்கு வாரத்துக்கு இரண்டு பொருள் கொடுக்கலாம், நெருக்கத்தைக் காட்டும் இதயங்கள் நிறையும், 8 ஆனதும் பூங்கொத்து, 10 ஆனதும் திருமணத்துக்குக் கேட்கும் பதக்கம். ஃபைனல் ஃபேண்டஸி 7-இல் (1997) நமக்குத் தெரியாமலே புள்ளிகள் சேர்ந்து, கோல்ட் சாசர் என்ற கேளிக்கைப் பூங்காவில் ஓர் இரவு யார் நம்மோடு வருவார் என்பதை முடிவு செய்யும். இப்படிச் சேரும் புள்ளிக்கு ‘நெருக்கப் புள்ளி’, ஒரு பாத்திரத்தோடு காதலாகப் பிரியும் கதை வழிக்கு ‘காதல் கிளை’, இரண்டையும் இளைஞர்கள் ஏற்கெனவே பழகிவிட்டார்கள். அவை அப்படியே இருக்கட்டும்.

கொடுக்கும் பொருளுக்கு மட்டும் நான் ஆசையோடு ஒரு சொல் வைத்திருந்தேன்: கையுறை. அகப்பாட்டில் தலைவன் கொண்டுவரும் பொருளுக்கு அதுதானே பெயர்? குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே, எங்கள் குன்றில் காந்தள் நிறையவே இருக்கிறது என்று தோழி அவன் கையுறையை மறுத்துவிடுகிறாள். பிடிக்காத பொருளைக் கொடுத்தால் பாத்திரம் முகம் சுளிக்கும் இந்த விளையாட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ஆனால் அதே விளையாட்டில் வீரன் கையில் மாட்டும் உறையும் பையில் கிடக்கிறது. “கையுறையைக் கொடு” என்று வழிகாட்டியில் எழுதினால் ஆடுபவர் கவசத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். மனமில்லாமல்தான் ‘அன்பளிப்பு’க்கு மாறினேன். பழைய பொருளை மீட்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுத்தது பாலீர்ப்பு, அதாவது ஒருவருக்கு எந்தப் பாலினத்தார் மீது ஈர்ப்பு என்பது. மாஸ் எஃபெக்ட் விளையாட்டை 2007-இல் சிங்கப்பூர் தடை செய்தது, ஒரு பெண் பாத்திரத்துக்கும் பெண்ணுருவான வேற்றுலகப் பாத்திரத்துக்கும் இடையிலான காதல் காட்சிக்காக. கொஞ்ச நாளிலேயே தடையை நீக்கி எம்18 (18 வயதும் அதற்கு மேலும்) முத்திரையோடு விட்டார்கள். டிராகன் ஏஜ் 2-இல் (2011) காதலிக்கக்கூடிய தோழர்களில் பெரும்பாலோர், நாம் ஆணாக ஆடினாலும் பெண்ணாக ஆடினாலும் ஏற்பார்கள். இதை ‘ஆடுநர்வழி ஈர்ப்பு’ என்று சொல்லலாம். அதற்கு அடுத்து வந்த இன்குவிசிஷனில் (2014) டோரியன் என்ற தோழர் ஆண்களை மட்டுமே விரும்புபவர். அவரை மாற்றிவிட அப்பா மந்திரத்தைக் கையில் எடுத்ததும், பிறகு அப்பாவும் மகனும் நேருக்கு நேர் நிற்பதும் அந்தக் கதையில் வரும். அதை ஆடி முடித்த ஒருவர் என் கடையில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியையும் ‘ஆபாசத் திணிப்பு’ என்ற பெட்டிக்குள் போட்டுவிடுகிற சொல்லை நான் ஏற்கமாட்டேன்.

வேறுபாடு எங்கே என்றால், பாத்திரம் யாரைப் பார்க்கிறது என்பதில். காதல் கிளையில் ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தைப் பார்க்கிறது. ஃபேன் சர்வீஸில் அது கதையை விட்டுத் திரும்பி, திரைக்கு முன்னால் இருப்பவரைப் பார்க்கிறது. முதல் விட்சர் விளையாட்டில் (2007) பெண்களோடு உறவு கொண்டால் அவர்கள் படம் போட்ட சீட்டு கிடைக்கும். அது கதை நாயகன் கெரால்ட்டுக்கு எதற்கு? சேர்த்து வைப்பது ஆடுபவர். நியர் ஆட்டோமேட்டாவில் (2017) தன்னைத்தானே வெடித்துக்கொண்டால் நாயகியின் பாவாடை மட்டும் கிழிந்து போவதும் இப்படித்தான். உடல் சம்பந்தமே இல்லாமல், பழைய பாகத்து வீரன் ஒரு நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போவதும் இதே வகைதான். அதனால் சொல்லில் உடல் வரவேண்டியதில்லை, ரசிகர் வந்தால் போதும்.

நான் ‘ரசிகர் தீனி’ என்றதற்கு ஐயா எழுதியது:

> தீனி மாட்டுக்குப் போடுவது. ‘ரசிகர் விருந்து’ என்று மரியாதையாக வைக்கலாமே?

ஐயா, விருந்துக்குப் பழைய பொருளே புதுமை, புதிதாக வருபவர். இதுவோ பழகிய ரசிகருக்கு, அவர் என்ன கேட்பார் என்று தெரிந்தே போடுவது. சினிமா பற்றிப் பேசும்போது “ரசிகர்களுக்குத் தீனி போடும் படம்” என்று நாமே சொல்கிறோம். அதில் யாரும் மாட்டை நினைப்பதில்லை. நொறுக்குத்தீனியை வீட்டுக்கு வருபவர்களுக்குத் தட்டில் வைத்தே கொடுக்கிறோம். அப்புறம் வினையும் கூடவே வந்துவிடுகிறது: இந்தக் காட்சியில் தீனி போட்டிருக்கிறார்கள், இந்த உடை வெறும் தீனி. சேவையை வைத்து இப்படிப் பேச முடியவில்லை, விருந்தை வைத்தும் முடியவில்லை.

அக்கா கேட்ட எழுத்து விஷயம் மட்டும் பாக்கி. ‘இரசிகர்’ என்று இகரம் சேர்ப்பதா, ‘ரசிகர்’ என்றே விடுவதா என்பதை ஐயா சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வழிகாட்டியில் ஏற்றிவிடுவோம்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்