பாதிச் சாப்பாட்டிலும் உடம்பு ஏறிய எங்கள் கருப்பன்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் லாப்ரடார் கருப்பனுக்கு 6 வயது. போன வருடம் அவனுக்கு உடம்பு ஏறிக்கொண்டே போனது, இத்தனைக்கும் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்திருந்தோம். வலையில் மீன் கழிக்கிற இடத்துக்கு முதல் ஆளாக ஓடுகிறவன், சூடை மீன் வாடைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சித்திரை வெயிலில் ஊரே நிழல் தேடும்போது இவன் அடுப்படி ஓரத்தில் போய்ச் சுருண்டு படுத்தான், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அப்புறம் இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டியது, அரிப்பு இல்லை. வாலும் எலிவால் மாதிரி ஆகிவிட்டது. சொறி என்று நினைத்து அப்பத்தா வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

முதலில் பார்த்த டாக்டர் "ஓட விடுங்க, சரியாயிரும்" என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது டாக்டர்தான் 12 மணி நேரம் பட்டினி போட்டுக் கூட்டிவரச் சொல்லி இரத்தம் எடுத்தார். குழாயில் மேலே தெளிகிற நீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டுமாம். இவனுக்குக் கஞ்சித் தண்ணீராக வெள்ளையாய் நின்றது. முதல் நாள் ராத்திரியில் இருந்து ஒன்றும் தின்னாத நாய்க்கு இரத்தத்தில் அவ்வளவு கொழுப்பு! டி4 (தைராய்டு சுரக்கிற ஹார்மோன்) குறைவு, டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டுகிற ஹார்மோன்) அதிகம். தைராய்டு சுரப்பு குறைந்தால் உடம்பு எரிக்கிற வேகம் குறைகிறது, இரத்தத்தில் இருந்து கொலஸ்டிராலைக் கல்லீரல் இழுத்துக்கொள்வதும் மந்தமாகிறது, அதனால் கொஞ்சமாகத் தின்றாலும் தேங்கிவிடுகிறது என்று விளக்கினார். இந்த நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கொலஸ்டிரால் ஏறித்தான் இருக்குமாம்.

காலையும் மாலையும் லிவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை, ஆயுசுக்கும். அம்மா சாப்பிடுகிற அதே மருந்துதான், ஆனால் எடைக்கு எடை பார்த்தால் நாய்க்குப் பல மடங்கு அதிக அளவு வேண்டும், அதனால் தயவுசெய்து வீட்டில் இருக்கிற மாத்திரையைக் குத்துமதிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் கடற்கரைக்கு நடந்தான். முடி முளைக்க நாலு மாதம் ஆனது.

---

நான் தொண்டியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பூனைக்குக் கருப்பனுக்கு வந்ததற்கு நேர் எதிர். 13 வயது. எவ்வளவு நெத்திலி வைத்தாலும் தட்டு காலி, ஆனால் தடவினால் முதுகெலும்பு கையில் குத்தும், ராத்திரி முழுக்கக் கத்தல், நெஞ்சில் கை வைத்தால் எண்ண முடியாத அளவுக்குத் துடிப்பு. வயதானால் இப்படித்தான் மெலியும் என்று 5 மாதம் விட்டுவிட்டேன், அதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை. சோதித்தபோது டி4 எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தைராய்டு சுரப்பைக் குறைக்கிற மெத்திமசோல் மருந்தை ஆரம்பித்தோம். இப்போது மாதாமாதம் மீன் தராசில் கூடையோடு வைத்து நிறுக்கிறேன், 2 கிலோ 400 கிராமில் இருந்து 3 கிலோ 100க்கு வந்திருக்கிறாள்.