புதுப்பிப்பு: பூனையின் ஏறி இறங்கும் சர்க்கரை அளவு

இன்சுலினைக் கூட்டியும், நீரிழிவு நோயுள்ள எங்கள் பூனையின் காலை ரத்தச் சர்க்கரை 400-க்குக் கீழே இறங்கவில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது. மருத்துவரின் யோசனைப்படி, ஒரு நாள் முழுவதும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை காது ஓரத்தில் குத்தி அளந்து குறித்ததில், ஊசி போட்ட ஆறாவது மணி நேரத்தில் அளவு 58-க்குச் சரிந்திருந்தது தெரியவந்தது. உடனே சிறிது உணவு கொடுத்துவிட்டு மருத்துவரை அழைத்தேன். அன்று இரவே அளவு மீண்டும் 380-ஐத் தொட்டது; சர்க்கரை மிகவும் சரிந்தால், அதை ஈடுகட்ட உடலே மேலே ஏற்றிவிடக்கூடும். ஊசிக்கு முன்பு மட்டுமே அளந்துவந்த எனக்கு நடுவிலிருந்த அந்தப் பள்ளம் கண்ணிலேயே படவில்லை; மருந்து போதவில்லை என்று நானாக முடிவுகட்டியது தவறு. மருத்துவர் வேளைக்கு 3 யூனிட்டாக இருந்ததை 2 ஆகக் குறைத்தார்.

வெதுவெதுப்பான துணியால் காதை ஒரு நிமிடம் ஒற்றியெடுத்தால் ஒரே குத்தில் ரத்தத் துளி வந்துவிடுகிறது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. பூனை என்னை மன்னிக்க அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரங்களாக அளவுகள் 130-க்கும் 260-க்கும் இடையில் நிற்கின்றன. ஓயாமல் தண்ணீர் குடிப்பது குறைந்திருக்கிறது. நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டு, பின்னங்கால்களின் குதிகாலைத் தரையில் ஊன்றி நடப்பது மட்டும் இன்னும் மாறவில்லை.